நடமாடும் காவல் நிலையத்துக்கு யார் பொறுப்பு?

புதிதாக வாங்கிய காவல் வாகனங்களை வரிசையாக நிறுத்தி, முகப்பில் மாலை சாத்தி, அமைச்சர் ஒருவர் பச்சைக் கொடி அசைக்க, அவை சைரன் ஒலியோடு சாலையில் இறங்கிச் செல்லும் காட்சியை நம் பத்திரிகைகளில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். வண்டிகளின் எண்ணிக்கையையும், அவற்றுக்கு ஆன செலவையும், கொடி அசைத்தவரின் பெயரையும் அந்தச் செய்தி தவறாமல் சொல்லிவிடுகிறது. ஆனால் மறுநாள் முதல் அந்த வண்டி எந்த ஊரில், எந்தத் தெருமுனையில், யாருடைய உத்தரவின்பேரில், என்ன காரணத்தை முன்னிட்டு நிற்கிறது என்பதையும், அங்கே நின்ற காலத்தில் எத்தனை பேருடைய முறையீட்டை வாங்கிப் பதிந்தது, எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போயிற்று என்பதையும் பிரஜைகளுக்குத் தெரிவிக்கும் கடமையை நம் சட்டம் எதுவும் ஆட்சியாளர்மேல் வெளிப்படையாகச் சுமத்தவில்லை. கொடி அசைத்த கைக்கும் வண்டியைச் செலுத்தும் கைக்கும் இடையே இப்படி ஓர் இருட்டு இருக்கும்வரை, நடமாடும் காவல் நிலையம் என்னும் நல்ல ஏற்பாடு எந்த நேரத்திலும் தீய ஏற்பாடாக மாறக்கூடும் என்பதே என் அபிப்பிராயம்.

நடமாடும் காவல் நிலையமே வேண்டாம் என்பது என் வாதமன்று. நாளொன்றுக்கு இரண்டு முறை வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒரு நாள் கூலியை இழந்து, மலையிலிருந்து இறங்கி வந்து, ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் ஏழைக்கு, சட்டத்தின் வாசல் அவனுடைய ஊர் மந்தைக்கே வந்து நிற்பது பெரிய உபகாரம். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வாழ்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையும் இந்தத் திசையிலேயே செல்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அதன் 173ஆம் பிரிவு கூறுகிறது. பெண்களையும், 15 வயது நிரம்பாதவர்களையும், 60 வயது கடந்தவர்களையும், உடற்குறையுடையோரையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறிடத்துக்கு வரச்சொல்லிச் சாட்சி விசாரணை செய்யலாகாது என்று 179ஆம் பிரிவு விதிக்கிறது. ஆகவே, மக்களிடம் காவல் துறை செல்வது சட்டத்தின் ஆத்மாவுக்கு இசைந்ததே. காவல் நிலையத்தின் பழைய உருவத்தை மாற்றி நன்மை கண்ட அனுபவமும் நமக்கு உண்டு. 1992இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் இம்மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டபோது சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். இன்று அது இல்லாத தமிழ்நாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம்.

நிலையாக ஓரிடத்தில் இருக்கும் காவல் நிலையம் தன்னளவிலேயே பாதுகாப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அந்தச் சாராயம் விற்ற இடம் காவல் நிலையத்துக்கு எட்டாத காட்டில் இருக்கவில்லை. ஊருக்கு நடுவே, காவலர் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இருந்தது. கண் இருந்தும் காணாமலிருக்கக் கட்டடம் ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. காவலர் கையில் அகப்பட்ட மனிதனைக் காப்பதற்காக நம் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டாகப் போராடி ஏற்படுத்தியிருக்கும் வேலிகள் எல்லாம், காவல் நிலையம் என்பது ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் கட்டடம் என்ற எண்ணத்தின்மீதே நடப்பட்டவை. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வகுத்த நெறிகளைப் பாருங்கள்: கைது செய்கிறவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும், நிலைய நாட்குறிப்பில் பதிய வேண்டும், கட்டுப்பாட்டு அறையின் பலகையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுத வேண்டும். பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2ஆம் தேதி வழங்கிய தீர்ப்பில் அதே நீதிமன்றம், வாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லி, அங்கெல்லாம் ஒலியும் ஒளியும் பதியும் காமிராக்கள் இருக்க வேண்டுமென்றும், பதிவை 18 மாதங்கள் பாதுகாக்க வேண்டுமென்றும், அதற்கு வசதியில்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையலாகாதென்றும் கட்டளையிட்டது. புதிய சட்டத்தின் 37ஆம் பிரிவும் கைதானவர்களின் பெயர், முகவரி, குற்ற விவரம் ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பகிரங்கமாகக் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. வாயிலும் தாழ்வாரமும் பலகையும் இல்லாத நிலையத்தில் இந்த வேலிகளை எங்கே நடுவது?

கட்டடம் என்பதன் மதிப்பை நமக்கு உணர்த்தியது சாத்தான்குளம். 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தைக் காரணம் காட்டி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்த அந்தக் கொடுமையில், காமிராப் பதிவுகள் நாள்தோறும் தாமே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். சாட்சியங்கள் கலைந்துவிடாதிருக்க, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறை அதிகாரிகளின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்குமுன் இந்தியாவில் யாரும் கேள்விப்பட்டிராத உத்தரவு அது. காவல் நிலையம் ஒரு கட்டடமாக இருந்தபடியால் தாசில்தார் அதன் படியேறிச் செல்ல முடிந்தது. சுவரிலும் மேஜையிலும் லத்தியிலும் படிந்திருந்த தடயங்களைத் தேட முடிந்தது. அன்றிரவு பணியிலிருந்த பெண் காவலர் ஒருவர் அஞ்சாமல் உண்மையைச் சொன்னபோது, அவர் குறிப்பிட்ட இடத்தைக் காட்டவும் முடிந்தது. அதே அடிகள் ஓடும் வண்டி ஒன்றில் விழுந்திருந்தால், மறுநாள் காலையில் தண்ணீர் விட்டுக் கழுவி வேறு சரகத்துக்கு அனுப்பிய அந்த வண்டியை எந்த தாசில்தார் தேடிப் பிடித்திருப்பார்?

இது வெறும் கற்பனை அச்சமன்று. ஐந்தாண்டு கழித்து, 2025 ஜூன் மாத இறுதியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், நகை காணாமற்போன புகாரின்மேல் தனிப்படைக் காவலரால் விசாரிக்கப்பட்டு உயிர் துறந்தார். அவர்மீது அடி விழுந்தது காமிரா பொருத்திய காவல் நிலையத்தில் அல்ல; கோயிலுக்குப் பின்புறம் இருந்த கொட்டகை முதலான வெளியிடங்களில். மறைந்திருந்து யாரோ ஒருவர் எடுத்த சிறு வீடியோதான் உலகுக்குச் சாட்சியாயிற்று. உடம்பில் 40க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்ததை உயர் நீதிமன்றம் வேதனையோடு குறிப்பிட்டது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.யிடம் போயிற்று, தனிப்படைகளைக் கலைக்கும்படி உத்தரவும் பிறந்தது. காவல் நிலையங்களில் காமிராவை வைத்தால் வன்முறை ஒழியும் என்று நாம் நம்பியிருந்த காலத்தில், வன்முறை நிலையத்தைவிட்டு வெளியேறி வண்டியில் ஏறிக்கொண்டது என்பதே மடப்புரம் நமக்குக் காட்டிய பயங்கரம். சுவர்களைவிட்டு வெளியே செல்லும் அதிகாரத்தோடு கண்காணிப்பும் கூடவே ஏறிச் செல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

மலைவாழ் மக்களுக்கு நடமாடும் காவல் நிலையம் உபகாரம் என்றேன். அந்த மக்களின் நினைவில் அரசாங்க வண்டி என்பது என்னவாகப் பதிந்திருக்கிறது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் சிற்றூருக்கு வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆகிய மூன்று துறையினரும் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடுமாடுகள் அறுக்கப்பட்டன, 18 பெண்கள் கற்பழிக்கப்பட்டார்கள், ஊரே சிறைக்குப் போயிற்று. இப்படியொன்று நடக்கவே இல்லை என்று அரசாங்கத் தரப்பு சாதித்தது, வழக்கை சி.பி.ஐ. எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், தீர்ப்பு நாளில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகளெனத் தீர்மானித்தது. அதை 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்ச ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் சொல்லிற்று. நீதி கிடைக்க 31 ஆண்டுகள் ஆயின. தண்டனை பெற்றோர் வரிசையில் கடைநிலைக் காவலர் முதல் உயர்ந்த வன அதிகாரிகள்வரை இருக்கிறார்கள். ஆனால் அவர்களை ஆண்ட துறைகளின் அமைச்சர்களாக அன்று வீற்றிருந்தவர் ஒருவரும் அந்த வரிசையிலும் இல்லை, சட்டசபையில் எழுந்து பொறுப்பேற்றுப் பதவி விலகியவர் வரிசையிலும் இல்லை. வண்டிகள் மலைக்குப் போனதற்கு உத்தரவிட்ட அதிகாரச் சங்கிலி, அரசியல் பீடத்தை அணுகும் கணத்தில் அறுந்துவிடுகிறது.

அரசியல் பொறுப்பு என்று நான் சொல்வதன் உட்பொருள் இதுதான். சட்டத்தின்படி ஓர் இடத்தைக் காவல் நிலையமென அறிவிக்கும் அதிகாரம் டி.ஜி.பி.க்கு இல்லை, கமிஷனருக்கும் இல்லை. மாநில அரசாங்கத்துக்கே உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் அப்படியே சொல்லிற்று, புதியதும் அப்படியே சொல்கிறது. அப்படியானால், பக்கவாட்டில் ‘நடமாடும் காவல் நிலையம்’ என்று எழுதிய வண்டி ஒன்று, அரசாங்கத்தின் அறிவிப்பைப் பெற்றிருந்தால் அது சட்டப்படி நிலையம். பெறாதிருந்தால், பெயர் எழுதிய ரோந்து வாகனம், அவ்வளவே. அதில் அமர்ந்திருக்கும் எழுத்தரிடம் கொடுத்த மனுவுக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் அங்கேயே கிடைக்குமா, அல்லது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக்கூட வேறொரு நிலையத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டுமா என்பது இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. முறையிட வரும் ஏழைக்கு இவ்விரண்டில் எது தன் முன்னால் நிற்கிறதென்று தெரிந்துகொள்ள வழியில்லை. அறிவிப்பு வெளியிட்டிருந்தால் அது அரசாங்கத்தின் செயல், ஆகவே அரசாங்கமே பதில் சொல்லட்டும்; வெளியிடாமலே நிலையமென்று பெயர் சூட்டியிருந்தால் அது மக்களை மயக்கும் செயல், அதற்கும் அரசாங்கமே பதில் சொல்லட்டும்.

தமிழ்நாட்டில் காவல் துறை பெரும்பாலும் முதலமைச்சரின் நேர்ப்பொறுப்பிலேயே இருந்துவந்திருக்கிறது. இது எந்த ஒரு கட்சியின் பழக்கமும் அன்று. மாறி மாறி வந்த ஆட்சிகள் யாவற்றின் சம்பிரதாயம். துறையின் புகழ் தமக்கே வர வேண்டும் என்ற ஆவலும் அப்படியே. 2019இல் பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கென்று சென்னைத் தெருக்களில் இறங்கிய இளஞ்சிவப்பு வண்டிகளுக்கு ‘அம்மா ரோந்து’ என்று பெயர் சூட்டியதை நினைத்துப் பாருங்கள். பொதுப் பணத்தில் வாங்கிய வண்டியில் தலைவரின் நினைவுப் பெயரை எழுதிக்கொள்ளத் தயங்காத அரசியல், அந்த வண்டியின் நடத்தைக்குத் தானே ஜவாப்தாரி என்று எழுதிக்கொள்ளவும் தயங்கலாகாது.

வண்டி எங்கே நிற்கிறது என்பது சாமானிய விஷயமன்று. நம் கிராமங்களில் ஊர்த் தெருவின் முகப்பில் நிற்பதும், தலித் மக்கள் வாழும் காலனிக்குப் போகும் பாதையின் வாயில் நிற்பதும் ஒன்றாகா. இரு சாதியாரிடையே பூசல் மூண்ட ஊரில், காவல் வண்டியைக் காலனியின் வாசலில் நிறுத்தி, வேலைக்குப் போகும் ஒவ்வோர் இளைஞனையும் பெயர் கேட்டு அனுப்பினால், குற்றவாளி யார் என்று வழக்குப் பதிவதற்கு முன்பே ஊருக்கு அறிவித்ததாகிவிடும். அதே வண்டி ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டுத் திண்ணைக்கு எதிரே நின்று, அவர் வீட்டு மோரைக் குடித்து இளைப்பாறினால், அடிபட்டவன் அதை நெருங்கி மனுக் கொடுக்கத் துணிய மாட்டான். தலைவர்களின் நினைவு நாட்களை முன்னிட்டு, செப்டம்பர் 11இல் பரமக்குடியிலும், அக்டோபர் 30இல் பசும்பொன்னிலும் ஆண்டுதோறும் படைகள் குவிகின்றன. எந்தத் தெருவில் எத்தனை நாள், எவருடைய பாதையை மறித்து என்று தீர்மானிக்கும் கை, வேண்டாவிட்டாலும் அரசியல் கைதான். எதிர்க்கட்சியின் பொதுக்கூட்ட மைதானத்தின் வாசல், போராட்டப் பந்தல், வேலைநிறுத்தம் நடக்கும் தொழிற்சாலையின் வாயில் முதலான இடங்களில் நிறுத்தும் வண்டி குறைகேட்க வந்த நிலையமா, மிரட்ட வந்த பட்டாளமா என்பது, அதை அனுப்பியவர் எழுதிய உத்தரவில்தான் வெளிப்படும். தேர்தல் காலத்தில் மட்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி தேர்தல் பணிக்கென்று குறிக்கப்பட்ட காவலர்கள் தேர்தல் கமிஷனின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். மற்றக் காலங்களில் அவர்களுடைய நடமாட்டத்தின்மேல் அத்தகைய வெளிக்கண் ஏது?

ஆங்கிலேயர் ஆட்சி இவ்விஷயத்தில் மூர்க்கமாகவே நடந்துகொண்டது. சென்னை ராஜதானிக்கென்று 1859இலும், இந்தியாவுக்கென்று 1861இலும் போலீஸ் சட்டங்களை இயற்றியவர்கள், ஐரிஷ் மக்களை அடக்கிவைக்க வகுத்த படை அமைப்பையே பெரிதும் முன்மாதிரியாகக் கொண்டார்கள். 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கலகமுள்ளதென்று தோன்றும் வட்டாரத்தில் கூடுதல் காவற்படையைக் கொண்டுவந்து குடியமர்த்தி, அதன் செலவை அவ்வட்டாரத்து மக்களிடமே வசூலிக்க அதிகாரம் அளித்தது. தண்டப் போலீஸ் என்று ஜனங்கள் அதைச் சபித்தார்கள். அந்தக் கொடிய சட்டத்தில்கூட ஒரு நியதி இருந்தது: இன்ன வட்டாரம் கலகப் பிரதேசம் என்று சர்க்கார் கெஜட்டில் பிரகடனம் செய்த பிறகே படையை அமர்த்த முடியும். அடிமை நாட்டுக்கு அன்னியன் செய்த அந்தப் பிரகடனம்கூட இல்லாமல், சுதந்திர நாட்டின் காவல் வண்டி ஓர் ஊரில் வாரக்கணக்கில் கூடாரமடிக்கலாம் என்பது நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

இங்கிலாந்தின் அனுபவத்திலிருந்து வேறொரு பாடம் கிடைக்கிறது. 1829இல் ராபர்ட் பீல் தோற்றுவித்த லண்டன் போலீஸ், மக்களுக்கு நெருங்கிய படையென்று பெயரெடுத்தது. ஆனால் 2010க்குப் பின் சிக்கனம் என்ற பெயரால் நாடெங்கும் காவல் நிலையங்களை மூடத் தொடங்கினார்கள். லண்டனில் 130க்கும் மேலிருந்த பொதுமக்கள் வரவேற்பிடங்கள் 2013இல் 73ஆகச் சுருங்கின. 2017இல் வேறொரு கட்சியின் மேயர் அதையும் சுருக்கத் திட்டமிட்டார். பல வட்டாரங்களில், மூடிய நிலையத்துக்கு ஈடாக வாரத்தில் சில மணி நேரம் வந்து நிற்கும் வண்டியைக் காட்டினார்கள். இத்தகைய முடிவுகளுக்கு ஜனங்களிடம் நேரே பதில் சொல்வதற்கென்றே, லண்டன் நீங்கலாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட போலீஸ் கமிஷனர் பதவிகளை உண்டாக்கி, 2012 நவம்பரில் தேர்தல் நடத்தியபோது வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர்தாம். அந்தப் பதவிகளையே 2028இல் ஒழித்துவிடப்போவதாக 2025 நவம்பரில் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. புதிய பதவியொன்றைச் சிருஷ்டித்துவிட்டால் பொறுப்பு வந்துவிடாது என்பதும், வண்டியைக் காட்டி நிலையத்தை மூடும் உபாயம் எந்தக் கட்சிக்கும் இனிக்கும் என்பதும் இதில் தெரிகின்றன. நம் நாட்டிலும் நிதித் துறையின் கண் ஒருநாள் இந்தப் பக்கம் திரும்பாமல் இராது.

நம்மிடமுள்ள பொறுப்பு ஸ்தாபனங்களின் லட்சணம் என்ன? 1977இல் அமைந்த தேசிய போலீஸ் கமிஷன் எட்டு அறிக்கைகள் கொடுத்துத் தூசியில் மறைந்தது. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22இல் ஏழு கட்டளைகள் பிறப்பித்தது. அரசியல்வாதியின் தவறான தலையீட்டிலிருந்து காவல் துறையைக் காக்க மாநிலப் பாதுகாப்புக் கமிஷனும், காவல் துறையின் கொடுமையிலிருந்து மக்களைக் காக்க மாநிலத்திலும் மாவட்டங்களிலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் புகார் ஆணையங்களும் அவற்றில் முக்கியமானவை. தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றிற்று. அதன்படி மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரும் தலைவர்கள். காவல் துறையின் உயர் அதிகாரிகளே அங்கத்தினர்கள். எந்த நிர்வாகத்தின்மேல் புகாரோ, அந்த நிர்வாகமே விசாரணை பீடம். ஆட்சி மாறிய பிறகும் இந்த அமைப்பு ஏன் மாறவில்லை என்று இரு தரப்பாரும் தங்கள் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2018 மே மாதத்தில் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்கள் போயின. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையின் முன் வைக்கப்பட்டது. சம்பவத்தைத் தொலைக்காட்சி பார்த்தே தெரிந்துகொண்டதாக அன்றைய முதலமைச்சர் சொன்னது சரியன்று என்று அந்த ஆணையம் எழுதியது. ஒரு முதலமைச்சருக்கு எது, எப்போது தெரியும் என்பதை நிர்ணயிக்க நான்கு ஆண்டுகளும் ஒரு கமிஷனும் தேவைப்பட்டன என்றால், உத்தரவுகளும் தகவல்களும் எழுத்தில் நிற்பதில்லை என்பதுதான் காரணம். தொலைபேசியில் சொல்லி, தொலைபேசியிலேயே முடித்துவிடும் நிர்வாகத்தில் பொறுப்பைத் தேடுகிறவன் காற்றைப் பிடிக்க முயல்கிறவன் ஆவான்.

இதற்கு மாற்று நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் கிராம நியாயாலயச் சட்டம், கிராமந்தோறும் சென்று நடமாடும் நீதிமன்றம் நடத்த நியாயாதிகாரிக்கு வழிசெய்கிறது. அப்படித் தலைமையிடத்தைவிட்டு வெளியே அமரும்போது தேதியையும் இடத்தையும் பரவலாக விளம்பரம் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. நீதிமன்றம் நடமாடினால் நாளும் இடமும் முன்னறிவிக்க வேண்டும் என்று கண்ட பாராளுமன்றத்தின் விவேகம், காவல் நிலையம் நடமாடும்போதும் பொருந்தாமற் போக நியாயமில்லை. எந்த வண்டி எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருமென்று ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி ஒட்டட்டும். அந்த அட்டவணையை மீறி வண்டியை ஓரிடத்தில் நிறுத்தினால், நிறுத்தச் சொன்னவரின் பதவியும் காரணமும் எழுத்தில் பதியட்டும். சைனி தீர்ப்பின் காமிராவும் 18 மாதக் காப்பும் வண்டிக்குள்ளும் வரட்டும். வண்டி போன வழியின் பதிவு நீதித்துறை நடுவர் கேட்டபோது கிடைக்கட்டும். புகார் வாங்கவும் ரசீது கொடுக்கவும் தவிர, எவரையும் அதில் அடைத்துவைக்கவோ விசாரிக்கவோ கூடாதென்று சட்டமே தடை செய்யட்டும். யாவற்றுக்கும் மேலாக, ஆண்டுதோறும் காவல் துறை மானியக் கோரிக்கையின்போது, அந்த வண்டிகள் நின்ற இடங்கள், நாட்கள், பதிந்த புகார்கள், அட்டவணை மீறிய உத்தரவுகள் ஆகியவற்றின் முழு விவரத்தையும் கொள்கை விளக்கக் குறிப்போடு முதலமைச்சர் சபையில் வைக்கட்டும்.

வண்டி வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் திருடன் ஒளிந்துகொள்வான் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ரோந்துக்கும் நிலையத்துக்கும் உள்ள பேதத்தை அவர்கள் கவனிக்கவில்லை. ரோந்து சுற்றுகிறவர் எதிர்பாராமல் வரட்டும். அது அவர் தொழில். நிலையமோ முறையிட வருகிறவனுக்காக இருப்பது. அவனுக்குத் தெரியாமல் வந்து தெரியாமல் போகும் நிலையத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்? காவல் அதிகாரிகளின் சுயேச்சையில் அரசியல் தலையிடுவதாகும் என்று வேறு சிலர் சொல்வார்கள். நேர்மையான அதிகாரிக்கு எழுத்து உத்தரவைப்போன்ற கவசம் வேறில்லை. ‘அங்கே கொண்டுபோய் நிறுத்து’ என்று செல்வாக்குள்ளவர் போனில் சொல்லும்போது, ‘எழுதிக் கொடுங்கள், பதிய வேண்டும்’ என்று சொல்லும் தெம்பை அவருக்குச் சட்டம் தர வேண்டும்.

வண்டியில் உட்கார்ந்திருக்கும் காவலரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் காயும் தகர வண்டிக்குள், கழிப்பிடமோ குடிநீரோ இல்லாமல், ஓய்வின் நேரம் தெரியாமல் நாள் முழுவதும் பணியாற்றும் பெண் காவலரின் கஷ்டத்தை, கொடி அசைக்கும் மேடையிலிருந்து காண முடியாது. களைத்தும் எரிச்சலுற்றும் இருக்கும் மனிதரிடம் இரக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. அவர்களுடைய பணி நேரமும் வசதியும் அந்த வருஷாந்தர விவரத்தில் ஓர் அங்கமாக இடம்பெற வேண்டும்.

சட்டசபை அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை காவல் துறை மானியம் விவாதத்துக்கு வரும்போது, ஆளுங்கட்சியாரானாலும் எதிர்க்கட்சியாரானாலும், புதிய நிலையம் வேண்டும், புதிய வண்டி வேண்டும் என்று தொகுதிக்காகக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தொகுதியில் கடந்த ஆண்டு காவல் வண்டிகள் எங்கெங்கே, எத்தனை நாட்கள், யாருடைய எழுத்து உத்தரவின்மேல் நின்றன என்ற ஒரு கேள்வியை எழுத்து மூலம் கேளுங்கள்; பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் கேளுங்கள். வாசகர்களும் வாளாவிருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் இதே கேள்வியை உங்கள் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு நீங்களும் அனுப்பலாம்.